முதல் காற்பந்து ஒப்பந்தம்: சம்பள உச்சவரம்பைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுவது எப்படி

போன பருவத் தொடக்கத்தில், கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு மாமாக் கடையில், என் அக்கா மகன் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார்கள். முதல் தாளில் கிளப்பின் சின்னம், அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டாவது தாளின் தலைப்பில் நாங்கள் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர், ‘பயணப்படி 1,800 ரிங்கிட்’. கூட்டினால் 3,500. வாய்ப்பேச்சில் சொன்னதும் அதுதான். பையனுக்கு வயது 20. தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டான். பக்கத்தில் இருந்த நான் இருபது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். “எதுக்கு ரெண்டு தாள்?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மெனேஜர் சிரித்துக்கொண்டே, “லீக்குக்குக் காட்டுற பட்ஜெட்ல இடம் இல்ல அங்கிள். போலே அட்ஜஸ்ட்” என்றார். ‘போலே’ என்றால் மலாயில் ‘முடியும்’.

முதல் தாளின் பணம் பத்து மாதமும் வந்தது, இழுத்து இழுத்தாவது. இரண்டாவது தாளின் பணம் நான்கு மாதத்தோடு நின்றது. ஆறு மாதம், மாதத்துக்கு 1,800 வீதம் 10,800 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்). இன்றுவரை வரவில்லை. கேட்கப் போன இடங்களில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: “இந்தத் தாள்ல கிளப்போட பேரே இல்லையே?”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். இப்போது அவன் வேறு கிளப்பில் ஒரே தாளில் ஆடுகிறான். மகனோ தம்பியோ மருமகனோ முதல் முறையாகக் கையெழுத்துப் போடப் போகிறான் என்றால், கீழே இருப்பதை வரிசையாகச் செய்துகொண்டு போங்கள்.

1. தொகையைப் பேசும் முன் உச்சவரம்பைப் பேசுங்கள்

நம்மில் பலர் நினைப்பது, பையன் நன்றாக ஆடினால் சம்பளம் கூடும் என்று. ஓரளவுக்குச் சரி. ஆனால் கிளப் எவ்வளவு தர முடியும் என்பதை லீக்கின் விதிகள் முன்கூட்டியே ஒரு கூரை போட்டு வைத்திருக்கும். உங்களிடம் நீட்டப்படும் எண் அந்தக் கூரைக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்திலிருந்து வருகிறது. மிச்சம் போதாதபோதுதான் ‘அட்ஜஸ்ட்’ தொடங்குகிறது. அதனால் கூரையை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. உலகத்தில் இதற்குப் பல அளவுகோல்கள் இருக்கின்றன.

ஒன்று, குழு முழுவதற்கும் ஒரே எண். அமெரிக்காவின் எம்.எல்.எஸ் லீக் அப்படி. 2025இல் ஒரு குழுவின் சம்பள பட்ஜெட் 59.5 லட்சம் டாலர். ஆனால் மூன்று நட்சத்திர வீரர்கள் வரை தனிச்சலுகை உண்டு: அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பட்ஜெட்டில் ஏறுவது ஆளுக்கு 7,43,750 டாலர்தான். மெஸ்ஸியின் உறுதிசெய்யப்பட்ட ஆண்டு வருமானம் இரண்டு கோடி டாலருக்கு மேல் என்று அங்குள்ள வீரர் சங்கத்தின் பட்டியலே சொல்கிறது. கைக்கு வரும் தொகை வேறு, கணக்கில் ஏறும் தொகை வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அங்கே அந்த வித்தியாசம் விதிப்புத்தகத்திலேயே, வெளிச்சத்தில் இருக்கிறது. எங்கள் மாமாக் கடையில் அது மேசைக்கு அடியில் நடந்தது.

இரண்டு, வருமானத்தில் இத்தனை விழுக்காடு. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியக் காற்பந்து அமைப்பான யூஏஃபா வைத்த அளவு இது. 2023-24இல் 90 விழுக்காடு, அடுத்த பருவம் 80, 2025-26 முதல் 70. வீரர், பயிற்றுநர் சம்பளம், வீரரை வாங்கிய விலையில் அந்த ஆண்டுக்குரிய பங்கு, ஏஜெண்டு கட்டணம் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். இந்த முறையில் ஒரு ஸ்பான்சர் கைவிட்டால் கூரையே இறங்கிவிடும்.

மூன்று, ஒவ்வொரு கிளப்புக்கும் தனித்தனி வரம்பு. ஸ்பெயினின் லா லீகா கிளப்பின் வரவு, கடன், மற்ற செலவுகளைப் பார்த்து இதைக் குறிக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் பார்சிலோனாவும் மெஸ்ஸியும் பேசி முடித்த பிறகும் அவரைப் பதிவுசெய்ய வரம்பில் இடம் இல்லை. அவர் கிளம்பிப் போனது அப்படித்தான். மெஸ்ஸிக்கே அந்த கதி என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன?

நான்கு, ஆளுக்கு ஆள் உச்சவரம்பு. சீனாவில் 2020 டிசம்பரில் அறிவித்தார்கள்: உள்நாட்டு வீரருக்கு வரிக்கு முன் ஆண்டுக்கு 50 லட்சம் யுவான், வெளிநாட்டவருக்கு 30 லட்சம் யூரோ. அதோடு, வெளியே காட்ட ஒன்று, உள்ளே வைத்துக்கொள்ள ஒன்று என்று இரட்டை ஒப்பந்தம் போட்டால் கிளப்போடு வீரரும் தண்டனை அனுபவிக்க வேண்டும். வீரரும் என்பதைக் கவனியுங்கள். கையெழுத்துப் போட்டவன் அப்பாவி என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

நம் மலேசியாவில் லீக்கை நடத்தும் எம்.எஃப்.எல் பொருளாதாரக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. கிளப் தன் வரவு செலவுத் திட்டத்தைக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் உரிமம் வாங்கும்போது சம்பள பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது. இது சும்மா காகிதத்துக்கு இல்லை. 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. நம் ஆட்கள் மிஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) என்ற பெயரில் வளர்த்து, பிறகு பி.ஜே. சிட்டி ஆன குழுவும் அதே சமயத்தில் லீக்கை விட்டு விலகியது.

சரி, கிளப்பிடம் என்ன கேட்பது? மூன்று கேள்வி போதும்.

முதல் கேள்வி: உங்கள் வரம்பில் கணக்கில் ஏறுவது அடிப்படைச் சம்பளம் மட்டுமா, அலவன்சும் போனசும் சேர்த்தா? அடிப்படை மட்டும் என்றால், மீதியை அலவன்சாக உடைக்க அவர்களுக்கு ஆசை வரும். தயாராக இருங்கள்.

இரண்டாவது: இவன் அந்தக் கணக்குக்குள் வருகிறானா? இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் நிலை லீக்குகளில் 2020 ஆகஸ்ட்டில் முறையே 25 லட்சம், 15 லட்சம் பவுண்டு என்று உச்சவரம்பு கொண்டுவந்தபோது 21 வயதுக்கு உட்பட்டவர்களை அதில் சேர்க்கவில்லை. அப்படி ஒரு சலுகை இருந்தால் இளம் வீரனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் கூரையைத் தொடாது. பேரம் பேச உங்களுக்கு இடம் உண்டு. (அந்த உச்சவரம்பு நீடிக்கவில்லை. வீரர் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போய் 2021 பிப்ரவரியில் அதைத் தூக்கவைத்தது. சங்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.)

மூன்றாவது: பதிவுக்கு இடம் இருக்கிறதா? கையெழுத்து வேறு, லீக்கில் பதிவு வேறு. ஸ்பெயின் வீரர் டானி ஓல்மோ 2024 ஆகஸ்ட்டில் பார்சிலோனாவுக்கு வந்தார். காயம்பட்ட ஒருவரின் சம்பள இடத்தைக் காட்டித்தான் தற்காலிகமாகப் பதிவுசெய்தார்கள். 2024 டிசம்பர் கடைசியில் அந்தப் பதிவு காலாவதியாகி, 2025 ஜனவரியில் ஸ்பெயின் அரசின் விளையாட்டு மன்றம் தலையிட்ட பிறகே தொடர்ந்து ஆடினார்.

இந்த மூன்றையும் நேரில் கேட்டுவிட்டு, அன்று இரவே வாட்ஸ்அப்பில் “இன்று நீங்கள் சொன்னது இதுதானே?” என்று எழுதி அனுப்புங்கள். ‘ஆமாம்’ என்று ஒரு வரி வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

2. 3,500 என்ற எண்ணை உடைத்துப் பாருங்கள்

இது நான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கணக்குப்பிள்ளை வீட்டில் கணக்குப் பார்க்க ஆளில்லை என்பது மாதிரி ஆகிவிட்டது.

மலேசியாவில் ஊழியர் சேமநிதிக்கு (ஈ.பி.எஃப்) வீரர் 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால் முதலாளிக்கு 12. சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு, வீரர் ஏறத்தாழ அரை விழுக்காடு, முதலாளி ஒன்றே முக்கால். வேலை காப்புறுதிக்கு ஆளுக்கு 0.2. இப்போது இதைக் கவனியுங்கள்: வீட்டு அலவன்சு, உணவு அலவன்சு போன்றவை சேமநிதிக் கணக்கில் சம்பளமாகவே சேரும். பயணப்படி மட்டும் சேராது. எங்களுக்கு நீட்டிய இரண்டாவது தாளில் ஏன் ‘பயணப்படி’ என்று எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது எட்டு மாதம் கழித்துத்தான்.

2025இல் நான் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது.

முதல் கிளப், இரண்டு தாள். 1,700க்கு மட்டும் பிடித்தம்: சேமநிதிக்கு 187, சொக்சோவுக்கு 8, காப்புறுதிக்கு 3. கையில் வருவது 3,302. சேமநிதியில் முதலாளியின் 221ஐயும் சேர்த்து மாதம் 408 ஏறும்.

இரண்டாவது கிளப், ஒரே தாள், 3,200 ரிங்கிட். பிடித்தம்: சேமநிதிக்கு 352, சொக்சோவுக்கு 16, காப்புறுதிக்கு 6. கையில் வருவது 2,826. சேமநிதியில் முதலாளியின் 416ஐயும் சேர்த்து மாதம் 768.

நேர்மையாகச் சொல்கிறேன். எல்லாம் ஒழுங்காக வந்தால் இரண்டு தாள் ஏற்பாடுதான் மாதம் 116 வெள்ளி அதிகம். கையில் வருவதை மட்டும் பார்த்தால் 476 வெள்ளி அதிகம். பையன்கள் மயங்குவது அதனால்தான். என் அக்காவே, “என்னடா தம்பி, சம்பளம் குறைஞ்சு போச்சே?” என்று கேட்டாள். ஆனால் வந்தால்தானே? இரண்டாவது தாளின் 1,800ஐ யாரும் எங்கேயும் பதிவுசெய்யவில்லை. லீக்கைப் பொறுத்தவரை அந்தக் கிளப் அவனுக்காகச் செலவழித்தது முதலாளியின் சந்தாக்களையும் சேர்த்து 1,953 வெள்ளிதான். பணம் இறுகும்போது எதை முதலில் நிறுத்துவார்கள்? நிறுத்தினால் உரிமத்துக்கு ஆபத்தில்லாததை.

காயத்தையும் மறக்காதீர்கள். பயிற்சியிலோ ஆட்டத்திலோ அடிபட்டு மருத்துவ விடுப்பில் இருந்து, சம்பளமும் நின்றுவிட்டால், சொக்சோவின் தற்காலிக இயலாமை உதவி சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. எந்தச் சம்பளத்தில்? சந்தா கட்டிய சம்பளத்தில். 1,700க்குக் கட்டியவனுக்கு மாதம் 1,300 சொச்சம் வரும். முழங்கால் தசைநார் அறுந்து எட்டு மாதம் படுத்திருந்தால் அந்த வித்தியாசம் குடும்பத்தையே ஆட்டிவிடும்.

இன்னொன்று. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ‘அடிப்படை 1,700’ என்று வட்ட எண்ணாக வந்தால், அதைத் திறமைக்குப் போட்ட விலையாக நினைக்காதீர்கள். சட்டம் அதற்குக் கீழே விடாது என்பதால் வந்து நின்ற எண் அது.

3. கிளப்பையும் ஏஜெண்டையும் விசாரியுங்கள்

ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்துக்கொண்டு மலேசிய நிறுவன ஆணையத்தின், அதாவது எஸ்.எஸ்.எம்மின், இணையச் சேவையில் அந்த நிறுவனத்தின் விவரத்தை வாங்குங்கள். எனக்கு இருபது வெள்ளிக்குள் முடிந்தது. இயக்குநர்கள் யார், மூலதனம் எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பித்தார்கள் என்று பார்க்கலாம். கணக்கு இரண்டு மூன்று ஆண்டாகச் சமர்ப்பிக்கப்படவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். இரண்டாவது தாளின் நிறுவனத்தை நான் பிறகு தேடிப் பார்த்தேன். அதன் தொழில் விவரத்தில் காற்பந்து என்ற சொல்லே இல்லை.

ஏஜெண்டு என்று வருபவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று ஃபிஃபாவின் பட்டியலில் தேடுங்கள். ‘எனக்கு எல்லா கோச்சும் தெரியும்’ என்பது உரிமம் ஆகாது. வீரருடன் ஏஜெண்டு போடும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. கட்டணத்துக்கும் ஃபிஃபா 2023இல் ஓர் உச்சவரம்பு கொண்டுவந்தது. ஐரோப்பிய நீதிமன்றங்களில் வழக்கு வந்து அந்த ஆண்டு இறுதியில் ஃபிஃபாவே அதை நிறுத்திவைத்தது. ஆகவே கட்டணத்தை நீங்களே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒருவர் முதல் மாதச் சம்பளம் முழுவதையும் கேட்டார். ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம்.

4. கோப்பில் இருக்க வேண்டியவை

ஒரு நெகிழிக் கோப்பு வாங்குங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

மைகார்டு (அடையாள அட்டை) பிரதி; 18 வயது நிரம்பாதவன் என்றால் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் மைகார்டு பிரதியும். சேமநிதி உறுப்பினர் எண். வருமான வரி எண். வீரரின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. அண்ணன் கணக்கு, அம்மா கணக்கு வேண்டாம், பின்னால் ‘அவருக்குத்தானே கொடுத்தோம்’ என்பார்கள். பழைய கிளப்பின் விடுவிப்புக் கடிதம். எந்த வயதில் எந்தப் பள்ளிக்கு, எந்த அகாடமிக்கு ஆடினான் என்ற பட்டியல். வெளிநாட்டுக் கிளப்புக்கு ஒருநாள் மாறினால் 12 வயதிலிருந்து பயிற்சி கொடுத்தவர்களுக்கு இழப்பீடு போகும்; அப்போது இந்தப் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம்.

விடுவிப்புக் கடிதத்தில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது. பழைய கிளப்பின் செயலாளர் “நாளைக்கு” என்றே பதினோரு நாள் ஓட்டினார். பருவம் முடிந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

5. விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரிகள்

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க மூன்று நாள் கேளுங்கள். ‘இன்னிக்கே போடு, நாளைக்கு வேற ஆள் வருவான்’ என்பது நம் ஊர்ப் பழைய பாட்டு.

காலம்: ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது அந்தப் பருவத்தின் முடிவு வரை இருக்க வேண்டும், அதிகம் ஐந்து ஆண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் மூன்று ஆண்டுதான். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் நாள், மாதத்தோடு இருக்கட்டும். ‘பத்து மாதம்’ என்று மட்டும் எழுதினால் எந்தப் பத்து என்ற சண்டை வரும்.

மருத்துவச் சோதனை: சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். ஃபிஃபா அதை ஏற்பதில்லை. சோதனையை முதலில் செய்துவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்கட்டும்.

தாமதச் சலுகை: ‘சம்பளம் 60 நாள் வரை தாமதமானாலும் அது மீறல் ஆகாது’ போன்ற வரிகளையும் ஃபிஃபா விதி ஏற்பதில்லை. வீரர் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தால்தான் விதிவிலக்கு. எங்கள் முதல் தாளில் இந்த வரி ஏழாவது பக்கத்தில், வேறு ஏதோ தலைப்புக்குக் கீழே ஒளிந்திருந்தது. அடிக்கச் சொல்லுங்கள்.

குறைப்பு: ‘பட்ஜெட் குறைந்தால் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும்’. உச்சவரம்பு உள்ள லீக்கில் இந்த வரிக்குப் பொருள், ஸ்பான்சர் போனால் அந்தப் பாரம் உன் தலையில் என்பதுதான். முழுதாக எடுக்க மறுத்தால், ‘வீரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்’ என்ற நான்கு சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாவது கிளப்பில் அப்படித்தான் செய்தோம், மறுப்பேதும் சொல்லவில்லை.

முறிவு: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஃபிஃபா 2018இல் சேர்த்த விதி. விதியில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் உங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். உள்நாட்டில் வழக்காடும்போது கையில் இருக்கும் வரிதான் பேசும்.

கடைசியாக, ‘இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு, வேறெந்த உடன்பாடும் செல்லாது’ என்ற வரி. ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஒரே தாள் என்றால் இது உங்களுக்குக் காவல். இரண்டு தாள் என்றால் முதல் தாளில் இருக்கும் இந்த ஒரு வரியே இரண்டாவது தாளைக் கொன்றுவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

6. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு

லீக் இப்போது ஆகஸ்ட்டில் தொடங்கி அடுத்த ஆண்டு மே வரை ஓடுகிறது. பதிவுச் சாளரம், அதாவது புதிய வீரர்களை லீக்கில் பதிவுசெய்யும் காலம், ஆண்டுக்கு இரண்டு முறைதான் திறக்கும். கிளப்புகள் ஜூன், ஜூலையில் பட்ஜெட்டை முடிக்கும். அதற்கு முன்னாலேயே பேசத் தொடங்கினால் கூரைக்குக் கீழே இடம் இருக்கும். சாளரம் மூடுகிற வாரத்தில் போனால் மிச்சம் மீதியைத்தான் கொடுப்பார்கள், இல்லையென்றால் இரண்டாவது தாள் வரும். நடப்பு ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்துப் போட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. புதிய கிளப் பழைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை எங்களுக்கு மொத்தம் நான்கு வாரம் ஆனது. செலவு: வக்கீல் ஒருவர் ஒப்பந்தத்தைப் படித்துக் குறிப்பெழுத 450 வெள்ளி, நிறுவன விவரம் 20க்குள், பிரதி எடுக்க ஏழெட்டு வெள்ளி, முத்திரை வரி 10 வெள்ளி. முத்திரையைக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் இணையத்தளம் வழியாகப் போட வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொள்ளாது. பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுத்த 450 எனக்கு முதலில் உறுத்தியது. அவர் ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டதும் உறுத்தல் போய்விட்டது.

7. கையெழுத்துக்குப் பிறகு மாதம் இருமுறை

வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். சேமநிதிச் சந்தாவை முதலாளி 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்த இரண்டு தேதியையும் கைப்பேசியில் மணி அடிக்க வையுங்கள்.

7ஆம் தேதி வங்கிக் கணக்கைப் பாருங்கள், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 15 கழிந்து இரண்டொரு நாளில் சேமநிதிச் செயலியைத் திறங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று வரிவரியாக இருக்கும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள், செயலியில் ஏறவில்லை என்றால் அதுதான் முதல் அபாயச் சங்கு. பெரும்பாலும் சம்பளம் தாமதமாவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே சேமநிதி நிற்கத் தொடங்கும். சேமநிதி வாரியத்தில் புகார் கொடுக்கலாம்; பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது குற்றம்.

பணமாகக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆபத்துக்கு வாங்க வேண்டியிருந்தால், “இன்று இவ்வளவு பெற்றேன், இந்த மாதச் சம்பளத்தில் மீதி இவ்வளவு” என்று உடனே செய்தி அனுப்பிவிடுங்கள்.

8. சம்பளம் நின்றுவிட்டால்

முதல் வேலை, பயிற்சிக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கோபத்தில் வீட்டில் உட்கார்ந்தால் ‘ஆள் வரவில்லை’ என்று கிளப் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும். எங்கள் பையனோடு ஆடிய ஒருவன் அப்படித்தான் மாட்டிக்கொண்டான்.

இரண்டு மாதம் நின்றதும் கடிதம். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், இன்றிலிருந்து 15 நாள் அவகாசம். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். உணர்ச்சி வேண்டாம், எண் மட்டும் போதும்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே மலேசியத் தொழில்முறைக் காற்பந்து வீரர் சங்கத்தை, பி.எஃப்.ஏ.எம்மை, அணுகுங்கள். சம்பள பாக்கி வழக்குகளைக் கையாளுவது அவர்களுக்கு அன்றாட வேலை. உள்நாட்டு வீரரும் உள்நாட்டுக் கிளப்பும் என்றால் வழக்கு எஃப்.ஏ.எம்முக்குள், அதாவது மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்குள், போகும். ஃபிஃபாவின் காற்பந்து நடுவர் மன்றம் வெளிநாட்டுத் தொடர்புள்ள வழக்குகளை எடுக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நாங்கள் போனபோது முதல் தாளின் தாமதத்துக்குக் கேள்வி கேட்க வழி இருந்தது. இரண்டாவது தாளைக் காட்டியதும் எதிரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இதைக் கிளப் கொடுத்ததுன்னு எப்படி நிரூபிப்பீங்க?” என்று கேட்டார். எங்களிடம் இருந்தது பணம் வந்த நான்கு மாத வங்கி வரிகள்; அனுப்பியவர் பெயரும் அந்த வேறு நிறுவனம்தான். மெனேஜர் ‘அட்ஜஸ்ட்’ என்று சொன்னது என் காதில் மட்டும் இருந்தது.

இரண்டாவது கிளப்பிலும் பேச்சின் கடைசியில் ஒரு சின்னத் தாள் மேசைமேல் வந்தது. இந்த முறை பையனே பேசினான். “செமுவா டாலம் சத்து கொன்ட்ராக், போலே?” அதாவது, எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுத முடியுமா? அவர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு அரைமணி கழித்து வந்தார்கள். 3,500 என்றது 3,200 ஆகியிருந்தது, தாள் ஒன்றுதான் இருந்தது.